கடைசி ஓவர் தௌசிப்

பதினாறாவது ஓவர் நடந்துகொண்டிருக்கும். தௌசிப் எல்லைக்கோட்டருகே நின்று மிளகாய்ப்பொடி தடவிய மாங்காயைக் கடித்துக்கொண்டிருப்பான். ஷூ கயிறு அவிழ்ந்து கிடக்கும். கேப்டன் கதிரேசன் கையைத் தூக்கினால்தான் குனிந்து அதைக் கட்டுவான்.

தாம்பரத்தில் அவன் படித்த கல்லூரியின் அணிக்கு ஆட்டம் கைநழுவும் நேரம் பார்த்துத்தான் அவன் பந்து வீச வருவான். அதற்குள் பந்து தோலுரிந்து, நாய் கடித்துப் போட்டதுபோல் ஆகியிருக்கும். "புதுசு மத்த பௌலருங்களுக்கு, நாஸ்தியானது எனக்கு. அதான் மச்சான் நமக்கு செட்டாகுது" என்பான். அந்தப் பந்து நேராக மட்டையாளரின் கால் கட்டைவிரலைத் தேடிப் போகும். எதிரணிக்காரர்கள் அவனைக் கண்டாலே காலைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள்.

பல்லாவரத்தில் தோல் பை தைக்கும் அவன் அத்தா பாட்சாவுக்கு இந்தப் பெருமையெல்லாம் ஏறவில்லை. "ரெண்டு ஓவர் போடறதுக்கு நாள் பூரா வெயில்ல நின்னுகினு கீற. இது இன்னா வேலைடா?"

இருபது ஓவர் ஆட்டம் ஊரையே பிடித்து ஆட்டிய 2008 அது. படிப்பும் முடிந்துவிட்டது. சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் ஒரு கம்பெனி அணி, ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு அவனை அழைத்தது. இருந்தது ஒரே இடம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் பட்டறையில் உட்கார வேண்டும் என்று சொல்லி, பாட்சாவே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பயிற்சியாளர் சுந்தரராமன் புத்தம்புதுப் பந்து ஒன்றைக் கொடுத்தார். தௌசிப் நேரே சிமெண்ட் தரைக்குப் போய் உட்கார்ந்து அதைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

"தம்பி, என்னப்பா பண்றே? இப்பத்தான் கவரைப் பிரிச்சேன்."

"வழுக்குது சார். கொஞ்சம் பழசாக்கிக்கிறேன்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டார். நல்ல தோல் பாழாகிறதே என்ற வயிற்றெரிச்சல் அவருக்கு. வந்த வாய்ப்பைத் தானே தரையில் தேய்த்துவிட்டோம் என்று தௌசிப்புக்கு அப்போதுதான் உறைத்தது.

சுந்தரராமன் மட்டும் சிரிக்கவில்லை. பையில் துழாவி, தையல் பிரிந்த கிழட்டுப் பந்து ஒன்றை எடுத்து வீசினார். "இதுல போடு, பாப்போம்."

பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். எதிரே மட்டையோடு நின்ற ஞானையா முதல் டிவிஷன் லீக்கில் சிக்ஸருக்குப் பேர்போனவர். முதல் பந்துக்குக் காலைக் காப்பாற்றிக்கொள்ளக் குதித்தார். அடுத்ததில் தடுமாறி மண்ணில் உட்கார்ந்தார். மூன்றாவதில் நடு ஸ்டம்ப் பிடுங்கிக்கொண்டு பறந்தது. வரிசை முழுக்க விசில்.

"நாளைக்குக் காலையில ப்ராக்டிஸுக்கு வந்துடு" என்றார் சுந்தரராமன். "சம்பளம் இந்த மாசத்துலேர்ந்தே."

தௌசிப் அத்தாவைத் தேடினான். அவர் நின்ற இடத்தில் இல்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார். பறந்து விழுந்த ஸ்டம்பைத் தூக்கி வந்து குழியில் நட்டு, உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்து இறுக்கினார். பிறகு ஓரமாக ஒதுங்கி நின்று மகனைப் பார்த்துக் கையசைத்தார்.

"இன்னொரு தபா போடு."