வெள்ளையன் தொண்டையில் ஒரு புதுக் கிருமி

போன வாரம் மேலதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டேன். வருத்தமா? துளியும் இல்லை!

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிருக வைத்தியன் என்பது உங்களுக்குத் தெரியும். ராஜபாளையத்தில் குருவம்மாள் என்று ஒரு விதவை. அவளுடைய பருத்திக் காட்டுக்கு ஒரே காவல், வெள்ளையன் என்கிற நாய். அவனுக்கு இருமல், தொண்டையில் புண் என்று என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். சீழை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். மணி கோத்த மாதிரி கிருமிகள்... மனிதர் தொண்டையைப் புண்ணாக்கும் கிருமியும் இதே கோலம்தான். அதுதானா இது? இல்லை, வேறு இனமா?

மேலே எழுதிக் கேட்டேன். சென்னையிலிருந்து என் மேலதிகாரி, பெரிய டாக்டர், ரயிலடியில் ஜட்கா பிடித்து வந்து இறங்கினார். துரைகளிடம் படித்தவர். "அதே இனம் என்றால் ஊருக்கே தொற்றும். நாயைச் சுட்டுவிட வேண்டும்" என்றார்.

மனிதக் கிருமி பாலைத் திரிய வைக்கும். ஆகவே நாய்க் கிருமியைக் கொஞ்சம் பாலில் விட்டு, கண்ணாடிக் குழாயில் வைத்தார். மறுநாள் பால் திரிந்திருந்தது.

"அதே இனம். முடிந்தது" என்று துப்பாக்கிக்கு ஆள் அனுப்பினார்.

குருவம்மாள் விடுவாளா? "இருமுனதுக்குப் போயி துப்பாக்கியா? ஐப்பசியில ஊரே இருமுதே, அம்புட்டு பேரையும் சுடுவீயளோ?"

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏன் தெரியுமா? அதே பாலில் கொஞ்சம் எடுத்து, கிருமி எதுவும் விடாமல், இன்னொரு குழாயில் பக்கத்திலேயே வைத்திருந்தேன். அதுவும் திரிந்திருந்தது! ஆஸ்பத்திரிச் சமையல்காரன் அரைகுறையாகக் காய்ச்சிய பால். நம்ம ஊர் சித்திரை வெயில். திரியாமல் என்ன செய்யும்?

"ஐயா, இதில் கிருமியே விடவில்லை. இது எந்த இனம்?"

அவர் முகம் சிவந்தது. "யாரைக் கேட்டு வைத்தீர்?"

"யாரையும் கேட்கவில்லை."

"பேசாமல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும்!"

"மாட்டேன். ஒழுங்காகக் காய்ச்சி மறுபடி வைப்போம். அப்போதும் திரிந்தால் நானே சுடுகிறேன்."

"ஒரே ஒரு நாள் தருகிறேன்" என்றார் டாக்டர்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் வேலையும் போய், நாயும் போய்விட்டால்?

பாலைத் திரும்பத் திரும்ப ஆவியில் வைத்து எடுத்தேன். ஒரு குழாயில் அவர் கொண்டுவந்த மனிதக் கிருமி, ஒன்றில் நாய்க் கிருமி, ஒன்றில் வெறும் பால். மறுநாள் மனிதக் கிருமி விட்ட பால் மட்டுமே திரிந்தது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன!

குருவம்மாள் குழாய்களைச் செத்த நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். யார் உத்தரவுக்கும் காத்திராமல் வெள்ளையனை அவிழ்த்துக்கொண்டு போயே விட்டாள்.

பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறீர்களா? இருக்கட்டும்... பக்கத்தில் ஒரு வெறும் பால் குழாயையும் வைத்துப் பாருங்கள்.

பெரிய டாக்டர் இப்போது 'புது இனம்' என்று எழுதி, அதற்குத் தன் பெயரையே வைக்கப் போகிறாராம். நியாயமா இது? அதைத் தொண்டையில் சுமந்துகொண்டு துப்பாக்கிக்குத் தப்பியவன் வெள்ளையன் அல்லவா!