பெயர் சொன்னால் வரும் வெள்ளைச் சேவல்

உள்ளறையில் யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்டது.

சியோக்-தின் பேச்சை நிறுத்தவில்லை. முன்னறைச் சுவரில் நீலத் துணியைத் தொங்கவிட்டு, கைப்பேசியைத் தாங்கியில் பொருத்தி, நேரலையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்து மாதச் சேவல், பஞ்சுப்பொதி போல. அதன் இறக்கையை விரித்துக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கங்க. அடியில ஒரே ஒரு மஞ்சள் இறகு இருந்தாலும் வீட்டு வாசல்ல வந்து என்னைத் திட்டுங்க, வாங்கிக்கிறேன்."

திரையில் வரிகள் ஓடின.

"அக்கா, சேவலுக்கு என்ன சோப்பு? எனக்கும் வேணும்."

"இவன் என் புருஷனைவிட அழகா இருக்கான்."

"அக்கா, உள்ள யாரு நடக்கிறது?"

"எலிங்க," என்று சிரித்தாள். "பொண்ணு கிடைக்காத எலி. பகல்லயே அலையுது."

சிரித்த வாய் சிரித்தபடி இருந்தது. விரல்கள் மட்டும் சேவலின் இறக்கைக்குள் இறுகின. அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

நேரலையை முடித்துவிட்டு உள்ளே போனாள். நான்கு வருஷமாகச் சுவரோரம் கிடந்த கணவனின் ரப்பர் செருப்புகள் கட்டிலின் இடப்பக்கத்துக்கு வந்திருந்தன. எழுந்ததும் கால் நுழைக்க வாகாகத் திரும்பியும் இருந்தன. அவற்றின் மேல் நின்றது அவள் வளர்க்கும் சேவல்களிலேயே பெரியது. காலையில் கூண்டில் விட்டுக் கொக்கி போட்டவள் அவள்தான்.

"எப்படிடா வந்த?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அந்த 'டா'வுக்காக நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தைவானின் மேற்குக் கரையில், சிப்பி ஓடுகள் குவிந்து கிடக்கும் எங்கள் ஊரில் அவளைத் தெரியாதவர் இல்லை. கணவன் சுவா புன்-ஹோக் கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவன். படகும் திரும்பவில்லை, ஆட்களும் திரும்பவில்லை. கூடப் போன ஐந்து பேருக்கும் அவரவர் குடும்பத்தார் அந்த வருஷமே உயிரை அழைக்கும் கரைச் சடங்கை முடித்துவிட்டார்கள். கடலில் போன உயிருக்கு வழி தெரியாது. வெள்ளைச் சேவல்தான் அதைச் சுமந்து வீடு சேர்க்கும். சியோக்-தின் மட்டும் சம்மதிக்கவில்லை. "உடம்பைக் காட்டுங்க, அழறேன்," என்றாள். அன்று முதல் இன்றுவரை அவள் கண்ணில் ஒரு சொட்டு நீரை யாரும் பார்த்ததில்லை.

வயிற்றைக் கழுவ அவள் கையில் எடுத்தது அதே வெள்ளைச் சேவலைத்தான். ஆறு பெட்டைகளோடு ஆரம்பித்தாள். நிறம் கலந்த குஞ்சை உடனே பிரித்துவிடுவாள். மிஞ்சியவற்றைக் குழந்தை சோப்பில் குளிப்பாட்டி, விசிறி முன் உலர்த்தி, நீலத் துணி முன் நிறுத்திப் படம் எடுப்பாள். உயிருள்ள பிராணி விற்பனைக்கு என்று எழுதினால் பதிவையே தூக்கிவிடுவார்கள். அதனால் எல்லாப் படத்தின் கீழும் "இவனுக்கு ஒரு வீடு வேண்டும்" என்று எழுதுவாள். ஊர் ஊராகத் துக்க வீடுகள் அவளைத் தேடிவந்தன. சேவல் போகும்; அவள் போகமாட்டாள். சேவலைக் கொடுத்தவள் சடங்கு நடக்கும் கரையில் நிற்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். வழக்கம் அவளுக்கு வசதியாகவும் இருந்தது.

தவறு நடந்தது எட்டு நாளுக்கு முன்பு.

சேவல்களுக்குப் பெயர் வைத்தால் பார்ப்பவர்கள் கூடுகிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தாள். அன்று ஒருவர் எழுதினார்: "பேரெல்லாம் சும்மா. கூப்பிட்டா வருமா?" சீண்டினால் விடுகிற பிறவியா அவள்? பெரிய சேவலைக் கடலணை மேல் விட்டுவிட்டு, கைப்பேசியும் கையுமாகத் தள்ளி நின்றாள். காற்று அள்ளியது, கொடியில் கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள். அது புன்-ஹோக்கின் சட்டை. நெஞ்சை முன்தள்ளி நடந்த அந்தச் சேவலைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் கணவனை அவள் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள்.

"சுவா புன்-ஹோக்! சுவா புன்-ஹோக்! ஏய், சுவா புன்-ஹோக், வீட்டுக்கு வா!"

அணைக்கு அந்தப்பக்கம் இறங்கி மறைந்திருந்த சேவல், அலையில் நனைந்த கால்களோடு மேலே ஏறி நேராக அவளிடம் வந்தது. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். "இவனுக்கு நான் வீடு தருகிறேன்" என்று முந்நூறு பேர் எழுதினார்கள்.

ஊரில் ஒருவரும் எழுதவில்லை. மறுநாளிலிருந்து அவள் வாசலைத் தாண்டுகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு தாண்டினார்கள்.

செருப்புகள் இடம் மாறிய அன்று மாலை புன்-ஹோக்கின் அண்ணன் புன்-ஹின் வந்தார். எங்கள் கரையில் அந்தச் சடங்கு மந்திரங்களை ஓதுகிறவர் அவர்தான். படி ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க மாமா. சிப்பிக் கஞ்சி இருக்கு."

"கஞ்சி இருக்கட்டும். ஏம்மா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"வியாபாரம் பண்ணேன்."

"அவன் சட்டை, வெள்ளைச் சேவல், கடல் ஓரம், மூணு தடவை முழுப்பேரு. நான் ஓதுறதுல இதைத் தவிர வேற என்னம்மா இருக்கு? நாலு வருஷமா நான் கால்ல விழாத குறையாக் கேட்டப்ப முடியாதுன்ன. இப்ப ஊரு உலகத்தைச் சாட்சி வச்சுக் கூப்பிட்டுட்ட!"

சியோக்-தின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கால்களுக்கு நடுவே சேவல் வந்து நின்று, தலையைச் சாய்த்துப் பெரியவரை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. புன்-ஹின் சட்டென்று பார்வையை விலக்கிக்கொண்டார்.

"வித்துட்டியா அதை?"

"இல்ல."

"விக்காத. அவன் இப்ப அதுக்குள்ள நிக்கிறான். பாதி வழியில. நீ வாசல்ல நின்னு ஒரு வார்த்தை சொல்லணும். 'வீடு வந்து சேர்ந்துட்டீங்க'ன்னு. சொன்னா எங்க வீட்டுப் பூசை மாடத்துல அவன் பேரெழுதின பலகைக்குப் போயிடுவான், நம்ம அப்பா பக்கத்துல. சேவலை அவுத்து விட்டுடலாம். பொண்டாட்டி வாயால வரணும், நான் சொன்னா செல்லாது."

"சொன்னா அவர் செத்தவர் ஆயிடுவாரு."

"சொல்லலேன்னா மட்டும்?"

 அவள் குனிந்து சேவலை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். அது திமிறவில்லை. அவள் கழுத்தில் அலகைப் பதித்துக்கொண்டது. நான்கு வருஷமாக வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. அந்த வெள்ளை இறகுகள் மேல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பலகைக்குப் போனா அவர் உங்க வீட்டு ஆளு மாமா. எல்லாருக்கும் பொது. வருஷத்துக்கு நாலு தடவை ஊதுபத்தி. இங்க... ராத்திரி கட்டிலுக்கு இடப்பக்கம் மூச்சு கேக்குது. எனக்கு இது போதும்."

"பைத்தியக்காரி! அது கோழிம்மா. அஞ்சு வருஷம், மிஞ்சினா ஆறு. அதுவும் செத்துப்போகும். அன்னைக்கு அவனுக்குப் போக எடமே இருக்காது. தெரிஞ்சுதான் பேசுறியா?"

"அஞ்சு வருஷமா?" கண்ணீருக்கு நடுவே அவள் முகம் மலர்ந்தது. "கல்யாணமாகி அவர் என்கூட இருந்ததே மூணு வருஷந்தான் மாமா. மத்த நாளெல்லாம் கடல்."

அவள் ஒரு கையால் கைப்பேசியை எடுத்தாள். நாற்பதாயிரம் பேர் பார்த்த அந்தப் படத்தை அவர் கண்முன்னால் அழித்தாள். "இனிமே யாரும் வீடு தர்றேன்னு எழுத மாட்டாங்க," என்றாள்.

 புன்-ஹினின் ஓதிப் பழகிய வாய் ஏதோ முனகியது, பாதியில் நின்றது.  திரும்பி இரண்டடி நடந்தார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியாமல், திரும்பிவந்து அந்தச் சேவலின் தலையை மெல்லத் தடவினார்.

"வரேண்டா தம்பி," என்றார். "அவளைப் பாத்துக்க."

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. முகம் வெளுக்க, சிப்பி ஓடுகள் நொறுங்க, விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போனார்.

சியோக்-தின் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.