எட்டாம் கட்டத்துச் செவ்வாய்

குழைத்த மஞ்சளின் ஈர வாசனை வந்தால் எனக்குக் கல்யாண வீடு நினைவுக்கு வருவதில்லை. வெள்ளைத்தாளின் நான்கு மூலையிலும் அதைத் தொட்டு வைத்து, கதவைச் சாத்திவிட்டு, பதினோரு வயதுப் பெண்ணான என்னை எழுத உட்கார வைத்த அப்பாவின் முகம்தான் வருகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அக்கா கமலாவுக்கு இருபத்திரண்டு வயது. அவள் ஜாதகத்தில் செவ்வாய் எட்டாம் கட்டத்தில், "மாங்கல்ய ஸ்தானத்தில்" உட்கார்ந்திருந்ததால், கட்டிக்கொள்கிறவனுக்கு ஆயுசு இல்லை என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போயிற்று. ஜீயபுரத்திலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தபோது, அப்பா வேறு ஜாதகம் எழுதத் துணிந்தார். எழுத என்னைக் கூப்பிட்டார்.

"செவ்வாயை அடுத்த கட்டத்துல போட்டுடு. ஒரே ஒரு கட்டம்தாண்டி. கமலா கரையேறிடுவா."

கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் என்ற திமிரோடு, கோடு பிசகாமல் போட்டேன்.

அந்த ஜீயபுரத்து மாப்பிள்ளை, எங்கள் அத்திம்பேர், தங்கமான மனுஷர். கல்யாணமான இரண்டே வருஷத்தில் விஷக்காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாளில் போய்விட்டார். அப்பா தாங்கமாட்டாமல் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, விதியை ஏமாற்றப் பார்த்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். புருஷனைக் கொன்றவள் தான்தான் என்று அக்கா அன்றைக்கு முடிவு செய்தாள். துறையூர் வாத்தியார் ஒருவர் ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாமல் அவளைக் கேட்டு வந்தபோது, "இன்னொரு உயிரா?" என்று திருப்பி அனுப்பினாள். என் குழந்தைகளைக்கூட அவள் தூக்கியதில்லை.

பிற்பாடு திருச்சியில் ஒரு கல்லூரியில், விதிக்குத் தப்பி ஓடி அதன் வாயிலேயே போய் விழும் ஒருவனைப் பற்றிய பழைய நாடகத்தைப் பாடம் நடத்தினேன். "விதியா மிஸ், அவனே செஞ்சுக்கிட்டதா?" என்று மாணவிகள் கேட்பார்கள். பரீட்சைக்கு வேண்டிய விடையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அப்பா இல்லை, அந்த வீடும் இல்லை. ஜாதகத்தைக் கம்ப்யூட்டர் போடுகிறது. அந்தக் காய்ச்சலுக்கு இப்போது மாத்திரை போதும். போன மாதம் அக்காவிடம் சொல்லியே விட்டேன்: கிரகமுமில்லை, கட்டமுமில்லை, வந்தது வெறும் காய்ச்சல், நீ யாரையும் கொல்லவில்லை என்று. அவள் மனது ஆறும் என்று நம்பித்தான் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா, இத்தனை வருஷம் நான் ஏண்டி இப்படி இருந்தேன்?"