பிடரியில் இரண்டு தட்டு

அப்பா முடிவெட்டுகிறவர். எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. வியாழக்கிழமை மட்டும் கடை திறக்காது. அன்று அரசு மனநல மருத்துவமனையின் ஆண்கள் வார்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். "அவங்க குடுக்கிறது பஸ்சுக்கே பத்தாது. அப்படி என்ன அங்க கொட்டிக் கிடக்கு?" என்று அம்மா கேட்காத வாரமில்லை. அப்பா பதில் சொன்ன வாரமுமில்லை.

அங்கே பேனுக்குப் பயந்து எல்லோருக்கும் மொட்டைதான். வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பிடரியில் இரண்டு தட்டு தட்டினால் தலை குனியும். மெஷின் ஓடும். அடுத்த ஆள். யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

புதிதாக வந்த பெண் டாக்டர் இதையெல்லாம் மாற்றினார். கட்டிலோடு கட்டிப்போடும் துணிப்பட்டைகளை எரிக்கச் சொன்னார். கழிப்பறைகளுக்குக் கதவு போடவைத்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "இனிமே மொட்டை கிடையாது. எப்படி வேணும்னு அவங்களையே கேட்டு வெட்டுங்க" என்றார்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த சமயம் அது. அப்பாவுக்குத் தோள்வலி. பெண்பிள்ளை அங்கே வர வேண்டாம் என்று அவர் எவ்வளவோ தடுத்தும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

"எப்படிய்யா வெட்டணும்?" என்று அப்பா கேட்டதும் முதல் ஆள் தலையைக் குனிந்தார். மறுபடி கேட்டதும் அழுதுவிட்டார். ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று பயம்.

அடுத்தவருக்கு வார்டில் 'மந்திரி' என்று பெயர். "எனக்கு சினிமா ஹீரோ மாதிரி. நெத்தியில ஒரு சுருள் விழணும்."

"விழும்யா. முதல்ல முளைக்கட்டும்."

"முளைக்க விட்டாத்தானே? வாராவாரம் அறுவடை பண்ணிட்டுப் போனது யாரு, எங்க தாத்தாவா?"

வராந்தாவே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அவர் கண் மூன்றாவது ஆளின் மேல் இருந்தது. நரைத்த, ஒல்லியான மனிதர். கன்னத்தோடு ஒட்டிய காதுமடல். அப்பாவுக்கும் எனக்கும் அதே காதுதான்.

"நீங்க வெட்டறபடியே வெட்டுங்க, பார்பர் சார்" என்றார் அவர்.

டாக்டர் பக்கத்தில் வந்து நின்றார். "இவருக்குக் குணமாகி ரொம்ப நாளாச்சு. வீடு தெரிஞ்சா இன்னைக்கே அனுப்பிடுவேன். இல்லன்னா தூரத்துல ஒரு காப்பகம், அங்கதான் போகணும். ஐயா, உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"யாருமில்ல டாக்டர்."

அவர் தலையில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"நான் இருக்கேம்மா. இவன் என் தம்பி" என்றார் அப்பா.

சித்தப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. 'சித்தப்பன் மாதிரியே இவளுக்கும் கால்ல சக்கரம்' என்று என்னைத் திட்டுவார்கள். போன ஊரிலெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களிடம் அவரை விசாரித்திருக்கிறேன்.

அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "போலீஸ்காரங்க கொண்டுவந்து சேர்த்தாங்க. எனக்குப் பொண்ணு பார்த்துட்டிருந்த நேரம். வெளிநாடு போயிட்டான்னு சொல்லிட்டேன். அப்புறம் மனசு கேக்கல, இந்த வேலைக்கு வந்தேன். நோயாளியோட சொந்தக்காரங்களுக்கு இங்க வேலை கிடையாது. அதனால, அண்ணான்னு கூப்பிட்டா என்னை உள்ள விடமாட்டாங்கடான்னு இவன்கிட்ட…"

சித்தப்பா பதறி எழுந்தார். "நான் கூப்பிடல டாக்டர்! ஒருநாள்கூடக் கூப்பிடல. அவரை நிறுத்திடாதீங்க."

"யாரும் நிறுத்தமாட்டாங்க. அவரோட வீட்டுக்குப் போறீங்களா?"

"போகல. போனா அவர் வேலை போயிடும்."

எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்தார். "முன்னயெல்லாம் இவங்க பேச்சுக்கு மதிப்பே இல்ல. கையைப் பிடிச்சு அனுப்பியிருப்பாங்க. இப்ப அவர் வாயால சரின்னு வரணும். அதை நானே மீற முடியாதுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும், "என்கிட்டயுமா மறைச்சீங்க?" என்று மட்டும் அம்மா கேட்டாள். முன்னறையில் நாற்காலியை ஒதுக்கி ஒரு கட்டில் போட்டாள். யாருக்குக் கட்டில் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் "என் தம்பிக்கு" என்கிறார் அப்பா. அதில் இன்னும் யாரும் படுக்கவில்லை.

வியாழக்கிழமைகளில் இப்போது சித்தப்பா போய்ச் சேர்ந்த காப்பகத்துக்குப் போகிறோம். பெட்டி எடுப்பதில்லை. போன வாரம் அப்பா சித்தப்பாவின் அருகில் உட்கார்ந்து, "வீட்டுக்கு வாடா. அண்ணன் கூப்பிடறேன்ல" என்று கழுத்தை அணைத்துக் கை போட்டார்.

விரல்கள் பிடரியில் பட்டதும் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார்.