படுத்த காலின் அளவு

காத்தான்குடியில் இருக்கும் என் சின்னம்மா ஸுஹைறா சாச்சி, உடுப்பும் சப்பாத்தும் இணையத்தில்தான் மலிவாக வாங்குவார். கால் அளவுக்குத் தென்னை ஈர்க்கை வைத்து முறித்துக்கொள்வது அவர் வழக்கம்.

மகள் றஸ்மினாவின் பட்டமளிப்புக்கு அவள் வாப்பா, அதாவது என் சாச்சா, சப்பாத்தோடு வர வேண்டும் என்பது சாச்சியின் பிடிவாதம். வாவியில் மீன் பிடிக்கும் சாச்சாவோ, "எனக்கென்னத்துக்கு?" என்று காலையே காட்டவில்லை. அவர் பகலில் தூங்கும்போது சாச்சி அளந்துவிட்டார்.

பொதி வந்ததே பட்டமளிப்பன்று காலையில்தான். போட்டுப் பார்த்தால் குதி நுழையவில்லை. சேற்றில் ஊன்றி நடந்த பாதம், எழுந்து நின்றதும் விரிந்துவிட்டது.

"படுத்துக்கிட்டுப் போகட்டா புள்ள?"

"வாய மூடுங்க!" என்ற சாச்சி, சப்பாத்தின் பின்பக்கத்தைக் கத்தியால் அறுத்தார். நீளக் காற்சட்டை அதை மறைத்தது.

பட்டமளிப்புப் படமும் சப்பாத்தை அறுத்த கதையும் சாச்சியிடமிருந்து வந்ததும் நான் இங்கிருந்து பதறி அழைத்தேன்: "கால் புண்ணாகலயா சாச்சி? ஆரும் கண்டாங்களா?"

"மகள்ட பேரக் கூப்பிட்டதும் துள்ளி எழும்பிக் கைதட்டினாரு. ஒரு சப்பாத்து முன் கதிரைக்குக் கீழ போயிட்டு. எடுத்துத் தந்தது ஆரு தெரியுமா? அவள்ட புரொபெசர்!"