முதலில் வெளியே போனவள்

வருடத்துக்கு ஒரு முறையாவது ஏதாவதொரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டுவிடுகிறார்கள். மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள், இப்போது செங்கம் ரோட்டில் மெஸ் நடத்துகிறவள். விளையாட்டில் கற்றது தொழிலுக்கு எப்படி உதவியது என்று மாணவர்களுக்குச் சொல்ல வேண்டுமாம். பொன்னாடை போர்த்துவார்கள். அப்படி வந்தவை நான்கைந்து பீரோவில் கிடக்கின்றன. ஒன்றுக்கும் உதவாத துணி. எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் போகிறேன், அரைத்த மாவையே அரைக்கிறேன்.

தொட்டால் மட்டும் போதாது, கோட்டுக்குத் திரும்பினால்தான் புள்ளி என்பேன். மூச்சு தீருமுன் திரும்பத் தெரியாதவர்தான் ஒரு கடை நன்றாக ஓடியதும் மூன்று கடை திறந்து மாட்டிக்கொள்வார் என்பேன். ஒற்றை ஆளாகப் பாய்ந்து பிடிக்காதே, கைகோத்துப் பிடி என்பேன். பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஊருக்குத்தான் உபதேசம். கபடியில் இன்னொரு விதி உண்டு. அதை மட்டும் எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை.

எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால், நம் பக்கம் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வரலாம். யார் வருவது என்பதைக் கேப்டன் முடிவு செய்ய முடியாது. முதலில் வெளியே போனவர்தான் முதலில் வருவார். நல்ல ஆட்டக்காரி மூன்றாவதாக உட்கார்ந்திருந்தால் அவள் காத்திருக்கத்தான் வேண்டும். நான் கேப்டனாக இருந்த காலத்தில் இந்த விதியின் மேல் எரிச்சல் எரிச்சலாக வரும்.

மெஸ் தொடங்கியபோது தோசைக்கல்லுக்கு நான் அழைத்தது எங்கள் அணியின் இடது கார்னரில் ஆடியவளை. அடி அண்ணாமலைக்காரி. கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். பாடி வந்தவள் இழுத்துக்கொண்டே போனாலும் மண்ணில் தேய்ந்தபடி கூடவே போவாள். ஒரு இறுதிப் போட்டியில் அப்படிப் பிடித்ததில்தான் அவளுக்கு முட்டி போயிற்று. கோப்பையைக் கையில் வாங்கியது நான். கேப்டன் ஆயிற்றே!

கொரோனா வந்து ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் அறைகளெல்லாம் காலியானபோது மெஸ்ஸில் அவளோடு சேர்த்து மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். மூவரையும் வைத்துக்கொள்ள வழியில்லை. முதலில் யாரை நிறுத்துவது என்று இரண்டு நாள் தூங்காமல் யோசித்ததாகப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். கார்னர்காரியைத்தான் நிறுத்துவேன் என்று எனக்கு முதலிலேயே தெரியும். மற்ற இருவரும் அழுவார்கள், சண்டைக்கு வருவார்கள். அவள் வரமாட்டாள்.

"சரி வுடுடி, இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுகினு நிக்கிற. கூட்டம் வந்தா கூப்புடு" என்றாள். தோசைக்கல்லைத் தேய்த்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்தடுத்த மாதங்களில் மற்ற இருவரையும் அனுப்பினேன்.

கூட்டம் திரும்பி வந்தது. நான் முதலில் கூப்பிட்டது கடைசியாகப் போனவளை. சின்ன வயது, வெள்ளைக்காரர்களிடம் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுவாள், தோசையும் வார்ப்பாள். அடுத்து இன்னொருத்தியை. மெஸ்ஸில் நடுவர் கிடையாது, விசில் ஊத யாரும் இல்லை. கார்னர்காரிக்கு முட்டி வலி, நின்று வேலை செய்வது கஷ்டம்தானே என்று அவள் மேல் எனக்குக் கரிசனம் வேறு வந்துவிட்டது. அடுத்த மாதம், பொங்கல் கழித்து என்று தள்ளிப்போட்டேன். அவளும் போன் செய்யவில்லை. அதையும் எனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டேன்.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. தோசை வார்த்த சின்னவள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அவள் நின்ற மறுநாள் பௌர்ணமி. மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கிரிவலப் பாதையோரம் ஒரு மேசை போட்டு அவள் எலுமிச்சை சாதம் பொட்டலம் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

"வாடி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முட்டியைப் பற்றிக் கேட்டேன். "இப்ப வலி கம்மிதான், மழை வந்தா ஜாஸ்தியாவும்" என்றாள்.

"நாளையில இருந்து மெஸ்ஸுக்கு வந்துடு" என்றேன். "உன் எடம் அப்படியேதான் இருக்குது."

பொட்டலம் மடித்துக்கொண்டே கேட்டாள்: "யாரு நின்னுட்டாங்க?"

வரும் வழியெல்லாம் அவளுக்கு நியாயம் செய்யப் போவதாகத்தான் நான் நினைத்திருந்தேன். ரொம்ப நல்லவளாகிவிட்டதுபோல் நெஞ்சுக்குள் ஒரு நிறைவுகூட இருந்தது. அந்த ஒரு கேள்வியில் எல்லாம் போயிற்று. வெட்கமாக இருந்தது.

"சின்னவ" என்றேன்.

"அதானே பாத்தேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ரெண்டு வருஷம்டி. போனு கையிலயேதான் இருந்துச்சு. எந்த மேட்ச்லயும் நான் அவ்ளோ நேரம் வெளிய உக்காந்ததில்ல."

நடந்து வந்தவர்கள் நாலு பேர் சாதம் கேட்டு நின்றார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு நான் வண்டியை எடுத்தேன்.

இப்போது தோசைக்கல்லில் நான்தான் நிற்கிறேன். இந்த வயதில் மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகிறது. ஆள் கிடைக்காமல் இல்லை. வாரத்துக்கு ஒருவராவது வேலை கேட்டு வருகிறார்கள். இடம் காலி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.