சுத்தியல் குன்வோர்

சுத்தியலை ஓங்கும் முன் குன்வோர் ஒவ்வொரு கடல் முள்ளெலியிடமும் மன்னிப்புக் கேட்பார். நீருக்கடியில், வாயில் மூச்சுக்குழாயோடு இருப்பதால் வெளியே வருவது வெறும் குமிழிகள்தான்.

நார்வேயின் வடக்குக் கரையில் இருக்கும் ஸ்கார்விக் குடாவின் அடியில் முன்பு ஆளுயரப் பாசிக்காடு இருந்தது. உலகம் விடும் கரிப்புகையில் கடல் கரைத்துக்கொள்ளும் பங்கைத் தின்று வளர்ந்த காடு. உடம்பெல்லாம் முள்ளாக உருளும் இந்தக் கூட்டம் அதை மேய்ந்து மொட்டைப் பாறையாக்கிவிட்டது. அதனால் கோடைச் சனிக்கிழமைகளில் ஊரே சுத்தியலோடு இறங்கும். கூலி கிடையாது, கரையேறினால் சுடச்சுட வாஃபிள் அப்பம் உண்டு. முடிதிருத்தகம் நடத்தி ஓய்ந்த குன்வோருக்கோ எதிரிமேல் தொழில்முறைக் கோபமே உண்டு. “எந்தச் சீப்பும் ஏறாத தலைங்க!” என்பார்.

கணவர் ஒட்டார் மீன்பிடித்து ஓய்ந்தவர். படகில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்துகொண்டு, “மெதுவா அடி, மீனெல்லாம் முழிச்சுக்கப்போவுது” என்பார்.

“இதுங்களைத் தின்னுக்கிட்டிருந்த பெரிய மீனையெல்லாம் நீதான்யா புடிச்சு வித்துட்ட. அதுங்க வேலையை இப்ப நான் பாக்கறேன். பேசாம காப்பியை ஊத்து.”

போன மாதம் அந்த முள்ளெலிகளில் ஒருவன் தப்பித்தான். தலையில் ஒரு சிப்பியைக் கவிழ்த்துக்கொண்டு நின்றான். குன்வோர் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. “தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறவனை எப்படிய்யா அடிக்கிறது?” இப்போது அவன் சமையலறை வாளியில் குடியிருக்கிறான். ஒட்டார் தினமும் கடல்நீர் சுமக்கிறார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான்.

தொப்பிக்காரன் கீரையைத் தொடவில்லை. உருளைக்கிழங்கையும், ஏன், வாஃபிளையும் தொடவில்லை. முட்கள் சாய்ந்து ஒன்றிரண்டு உதிர்ந்தன. “சொட்டை விழுதுய்யா!” என்று குன்வோர் நிஜமாகவே அழுதார்.

அதே வாரம் குடாவில் முதல் பாசித் தளிர் முளைத்தது. ஒரே பாறையில் ஒரே தளிர், விரல் நீளம். ஊரே படகெடுத்து வந்து எட்டிப் பார்த்தது. குன்வோர் சுற்றிலும் கயிறு கட்டி, “எவனாவது தொட்டீங்க, அடுத்த அடி உங்க மண்டையிலதான்” என்று அறிவித்தார். சனிக்கிழமை கடல் ஆய்வு மையத்தார் வந்து அதை அளக்கப்போகிறார்கள். வளரவில்லையென்றால் இந்தச் சுத்தியல் வேலையை விட்டுவிடலாம் என்று ஊரில் பாதிப்பேர் முணுமுணுக்கிறார்கள்.

நேற்றுக் காலை ஒட்டார் வாளியைக் காட்டினார். “இவன் இன்னைக்குத் தாங்கமாட்டான், குன்வோர். பாசியைத் தவிர வேற எதையும் திங்கமாட்டான்னு உனக்கே தெரியும்.”

குன்வோர் கடையில் வைத்திருந்த பழைய கத்தரிக்கோலைத் துடைத்து எடுத்துக்கொண்டு கடலில் இறங்கினார். கயிற்றைத் தாண்டினார். தளிரின் நுனியை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து, எவ்வளவு எடுக்கலாம் என்று பார்த்தார். கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். பிறகு தளிரின் பக்கம் குனிந்து, குமிழிகள் பறக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெட்டினார்.